சித்தி வைத்த கையெழுத்து

இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், கூடவே யூனிட் டிரஸ்ட் நடத்துகிற நிதி முகாமைக் கம்பனிகளில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் புறக்கோட்டையில் ஒரு மொத்தத் துணி வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். வீடு வெள்ளவத்தை. பங்குச் சந்தையில் பெரிய ஆள் ஒன்றும் இல்லை, சில்லறை முதலீட்டாளர்கள் என்று உங்கள் அறிக்கைகளில் வருமே, அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் நிற்கிறவன். மாதக் கடைசியில் ஐயாயிரமோ பத்தாயிரமோ மிஞ்சினால் போடுவேன், மிஞ்சாவிட்டால் இல்லை. யூனிட் டிரஸ்ட் படிவத்தை விளங்குகிற மொழியில் தாருங்கள் என்று கேட்கிற இந்தக் கடிதம் எனக்காக என்பதைவிட என் சித்திக்காக. அவவுக்குக் கடிதம் எழுதத் தெரியாது என்றில்லை, என்னைவிட நன்றாக எழுதுவா. ஆனால் ஆணைக்குழுவுக்கெல்லாம் எழுதி என்ன ஆகப்போகுது என்று விட்டுவிடுகிற ஆள். நான் அப்படி விடுகிறவன் இல்லை.

சித்திக்கு 57 வயது. தனியார் மருந்துக்கடை ஒன்றில் 26 வருடம் காசாளராக இருந்து போன வருடம்தான் நின்றா. ஊழியர் சேமலாப நிதிக் காசும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியக் காசும் கைக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே இடத்தில் இவ்வளவு காசு. வங்கிக்குப் போய் நிலையான வைப்பு கேட்டால் ஒரு வருடத்துக்கு எட்டு சதவீதத்தை ஒட்டி ஏதோ சொன்னார்கள், அதிலும் 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் பத்து சதவீதம் வரியாக வெட்டுவார்கள் என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா இருபதுக்கு மேல் வட்டி வாங்கியதைக் கண்ணால் பார்த்தவவுக்கு எட்டு என்பது காதில் ஏறவில்லை. நான்தான் சொன்னேன், யூனிட் டிரஸ்ட் என்று ஒன்று இருக்கிறது சித்தி, கொஞ்சக் காசை அதில் போட்டுப் பார்க்கலாம் என்று. பலரின் காசை ஒன்றாகச் சேர்த்துப் பங்கு, கடன் பத்திரம் என்று போடுகிற ஏற்பாடு, இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் என்பார்களே, அதேதான். ஆக, இந்தக் கதையின் தொடக்கத்தில் இருப்பது என் வாய், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு பேருமாக ஒரு கம்பனிக்குப் போனோம். பெயர் வேண்டாம், அந்தக் கம்பனி மட்டும் செய்கிற காரியம் என்று நான் நினைக்கவில்லை. இருந்த பையன் நல்ல பிள்ளை, தமிழில் பேசினான், தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், ரப்லெட்டில் ஒரு கோட்டுப்படம் காட்டி "அன்ரி, போன வருசம் மட்டும் இவ்வளவு ஏறியிருக்கு" என்றான். சித்தி கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"தம்பி, இதுக்குள்ள என்ன கிடக்கு?"

அவன் சிரித்துக்கொண்டே, எல்லாம் நல்ல இடங்களில்தான் போட்டிருக்கிறோம் அன்ரி, பயப்பட வேண்டாம் என்றான். பிறகு படிவம் வந்தது. ஒன்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். அதோடு விளக்க அறிக்கை என்று இன்னொரு புத்தகம், அது நாற்பது பக்கத்துக்கு மேல், அதுவும் ஆங்கிலம். தமிழில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை அண்ணா, யாரும் கேட்பதில்லை என்றான். கடைசிப் பக்கத்தில் ஒரு உறுதிமொழி: மேற்படி விளக்க அறிக்கையை நான் வாசித்தேன், விளங்கிக்கொண்டேன், அபாயங்களை அறிந்துகொண்டேன். அதற்குக் கீழே சித்தி தன் பெயரைத் தமிழில், 26 வருடம் பற்றுச்சீட்டில் போட்டுப் பழகிய அதே உருண்டை எழுத்தில், ஆறுதலாக எழுதினா.

நான் பக்கத்தில் இருந்தேன். நிறுத்தவில்லை. ஏனென்றால் நானும் அதே மாதிரியான ஒரு வசனத்துக்குக் கீழே வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவன்தான், நான்கு வருடத்துக்கு முன்னால். எனக்கு ஆங்கிலம் ஓரளவுக்கு வரும், ஆனாலும் வாசிக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்தவன் வாசிக்காமல் போட்டான், தெரியாதவ வாசிக்க முடியாமல் போட்டா. இரண்டு கையெழுத்தும் உங்கள் கோப்பில் ஒரே பெறுமதிதான்.

திரும்பி வரும்போது 101 பஸ்ஸில், கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள், அடுத்த கேள்வி. "உதுக்குத் தாச்சி ஆர்?"

கொழும்பு 7 பக்கம் வசதியாக இருப்பவர்களுக்குச் சீட்டுத் தாச்சி என்றால் யாரென்று தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன், சீட்டை நடத்துகிறவர். சித்தி இருபது வருடமாகச் சீட்டுப் போடுகிறவ. இருபது பேர், ஆளுக்கு மாதம் பத்தாயிரம், சேர்ந்தால் இரண்டு இலட்சம். அவசரம் உள்ளவர் கழிவு கூறி எடுப்பார். நாற்பதாயிரம் கழித்து ஒருவர் எடுத்தால் அவர் கைக்கு ஒரு இலட்சத்து அறுபதாயிரம், கழிவை இருபதாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டாயிரம், ஆக அந்த மாதம் எல்லோரும் கட்டுவது எட்டாயிரம்தான். ஐந்தாம் மாதம் இந்தக் கழிவில் எடுத்தால் தனக்கு உள்ளபடி எவ்வளவு வட்டி விழுகிறது என்பதைச் சித்தி தேங்காய் துருவிக்கொண்டே மனதில் கணக்குப் போட்டுச் சொல்வா. நடத்துகிற தாச்சிக்கு முதல் சீட்டு கழிவில்லாமல் போகும், அதுதான் அவரின் கூலி, அது எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். சீட்டில் ஏமாற்று இல்லையா என்றால் நிறைய இருக்கிறது, காசோடு இரவில் காணாமல் போன தாச்சிகளின் கதை வெள்ளவத்தையில் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒன்று இருக்கும். நான் சீட்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சித்திக்கு நிதி அறிவு குறைவு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நிதி அறிவு வளர்க்கிறோம் என்று கருத்தரங்குகள் வைக்கும்போது எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் எரிச்சல். அறிவு இருக்கிற இடத்துக்குக் காகிதம்தான் வரவில்லை.

தாச்சி கேள்விக்கு நான் பஸ்ஸில் வைத்துச் சொன்ன பதில் இதுதான். சித்தி, இதில் ஒருவர் இல்லை, இரண்டு பேர். காசை எதில் போடுவது என்று முடிவு எடுப்பது முகாமைக் கம்பனி. ஆனால் காசும் அதால் வாங்கிய பங்குகளும் கடன் முறிகளும் அந்தக் கம்பனியின் சொத்து இல்லை, அதை நம்பிக்கைப் பொறுப்பாளராக ஒரு வங்கி தனியாக வைத்திருக்கும். முகாமைக் கம்பனி நாளைக்கு மூடினாலும் உங்கள் காசு அதன் கடன்காரர்களுக்குப் போகாது. ஆனால் உள்ளே இருக்கிற பங்கு விலை இறங்கினால் வங்கியும் ஒன்றும் செய்ய முடியாது, ஆணைக்குழுவும் ஒன்றும் செய்ய முடியாது, அது உங்கள் நட்டம்தான். கேட்டுவிட்டு, "இதை அந்தப் பொடியன் சொல்லியிருக்கலாமே" என்றா. இரண்டே நிமிடம். தமிழில் அது அவ்வளவுதான் நீளம்.

சரி, அந்தக் கோட்டுப்படத்துக்கு வருகிறேன், எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான்.

2021 இல் கொழும்பு பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஒரே வருடத்தில் 80 சதவீதம் ஏறியது. 6,700 சொச்சத்தில் தொடங்கி 12,200 தாண்டி முடிந்தது. வட்டி கிடந்த கிடையில் வைப்பில் போட்டவர்களை எல்லோரும் பகிடி பண்ணினார்கள், கணக்குத் திறப்பதும் தொலைபேசியிலேயே முடிகிற காரியமாகிவிட்டது. நான் 2022 ஜனவரியில் பங்கு நிதியம் ஒன்றில் மூன்று இலட்சம் போட்டேன். மனைவியிடம் 80 சதவீதம் என்று சொல்லித்தான் போட்டேன். அந்த 80 ஏற்கெனவே வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட 80 என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. அந்த மாதம் சுட்டெண் 13,000ஐயும் தாண்டியது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள், ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளி ஏற்றியது, 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது, புத்தாண்டு முடிந்து 18 ஆம் திகதியிலிருந்து ஒரு வாரம் சந்தையை மூடி வைத்தீர்கள். 25 ஆம் திகதி திறந்த அன்றே விழுந்த விழுகையில் வியாபாரத்தை நிறுத்த வேண்டி வந்தது. மாதம் முடியும்போது சுட்டெண் 8,000க்குக் கீழே.

மூடியது சரியா பிழையா என்று நான் சண்டைக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்க நான் நின்றது எரிவாயு வரிசையில். மே மாதம் கடையில் பாதிச் சம்பளம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் காசு, வேறு வழியில்லாமல் நிதியத்தை விற்றேன். மூன்று இலட்சம் போட்ட இடத்தில் வந்தது ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம். நட்டத்துக்கு யாரையும் பழி சொல்லவில்லை. ஆனால் நான் போட்டது மூன்று நான்கு மாதத்தில் தேவைப்படக்கூடிய காசு, அதைப் பங்கில் போடவே கூடாது என்று அந்த நாற்பது பக்கத்தில் எங்காவது எழுதியிருந்திருக்கும். படிவத்தில் பெட்டிக்குள் பெரிய எழுத்தில் இருந்தது போன வருட ஏற்றம் மட்டும்தான்.

இப்போது இரண்டாவது முட்டாள்தனம். 2022 கடைசியில், அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்குகிற பத்திரமான 91 நாள் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்துக்கு மேல் போனது. அரசாங்கம் தன் சொந்தக் குடிமக்களிடமே முப்பது வட்டிக்குக் கடன் வாங்கிய காலம், மறக்க முடியுமா. பணச்சந்தை நிதியங்கள் உள்ளே வைத்திருப்பது பெரும்பாலும் இப்படியான உண்டியல்களும் குறுகிய கால வங்கி வைப்புகளும்தான், ஆகவே அவற்றின் வீதமும் இருபதுகளுக்குப் போனது. 2023 நடுவில் நான் போனேன், வழக்கம்போல எல்லோருக்கும் பிறகு. போட்டு ஆறு மாதத்தில் வீதம் பாதியாகிவிட்டது, ஏனென்றால் வெளியே வட்டி பாதியாகிவிட்டது. அதில் முதலுக்கு நட்டமில்லை, அதனால் புலம்பவும் மாட்டேன். ஆனால் விளம்பரத்தில் இருந்த எண்ணும் என் கைக்கு வந்த எண்ணும் அண்ணன் தம்பி உறவுகூட இல்லாத இரண்டு எண்கள்.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், போன வருட வீதம் என்கிற அந்த எண் ஒரு விசித்திரமான எண். அது மிக அழகாக இருக்கிற நேரத்தில்தான் அதால் பிரயோசனம் மிகக் குறைவு. 2021 இல் 80 ஏறியது, அடுத்த வருடம் 30 இறங்கியது. 2023 இல் 25 ஏறியது, 2024 இல் கிட்டத்தட்ட 50 ஏறியது. ஒவ்வொரு ஜனவரியிலும் முந்தைய வருடத்தைப் பார்த்துப் போட்டவனையும், கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வருடமும் மாதாமாதம் போட்டவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அது பாடம். சித்திக்கு ரப்லெட்டில் காட்டியது 2024 இன் ஏற்றத்தை மட்டும்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், இது கடையில் சும்மா இருக்கும்போது போட்டது. 2025 ஓகஸ்டில் சுட்டெண் 20,000 தாண்டியபோது புறக்கோட்டையில் தேநீர்க்கடை வரை கொண்டாட்டம். 2022 ஜனவரியில் 13,000, அப்போது டொலர் 200 ரூபா. வகுத்தால் 65. 2025 இல் 20,000, டொலர் 300 ரூபா. வகுத்தால் 67க்குக் கிட்ட. பங்கிலாபம் தனி, அதைச் சேர்க்கவில்லை. ஆனால் விலையை மட்டும் பார்த்தால் மூன்றரை வருடம் கழித்து டொலர்க் கணக்கில் அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கிறோம். துணி இறக்குமதி செய்கிற கடையில் வேலை செய்கிறவனுக்கு டொலர்க் கணக்குதான் கணக்கு. இப்படி ஒரு வரியை எந்த விளம்பரத்திலும் நான் பார்க்கவில்லை.

அதற்காக வைப்பே உத்தமம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு வருடத்துக்கு முன்னால் ஆறு சதவீதத்துக்கு ஒரு இலட்சம் போட்டவர் கையில் 106,000. அதே பொருட்களை வாங்க வேண்டியது 169,800. அதாவது பாதுகாப்பாக இருந்த காசு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சத்தமில்லாமல் போய்விட்டது, யாரும் திருடவில்லை, எந்தச் சுட்டெண்ணும் சிவப்பாகத் தெரியவில்லை, வங்கிப் புத்தகத்தில் எண் கூடித்தான் இருந்தது. சித்தியின் சேமலாப நிதிக்கும் அதே கதைதான், அந்த வருடம் அதற்குக் கிடைத்தது ஒன்பது சதவீதம். பங்கு வேண்டாம், எனக்குப் பயம் என்று ஒதுங்கி நின்றவர்களும் நட்டப்பட்டுத்தான் நின்றார்கள். அதனால்தான் நான் இன்றைக்கும் யூனிட் டிரஸ்டை விடவில்லை. தனித்தனிப் பங்கு எடுத்து விளையாட எனக்கு நேரமும் இல்லை, வயிறும் இல்லை. போக, பங்கு நேரடியாக வாங்கினால் தரகு, சந்தைக் கட்டணம், அரசாங்கத்தின் பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம், விற்கும்போது மறுபடி 1.12. கிழமைக்கு ஒருதரம் வாங்கி விற்கிற எங்கள் கடைப் பொடியங்களுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். வருட முடிவில் பார்த்தால் தரகருக்குத்தான் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள்.

கட்டணம் என்றதும் ஞாபகம் வந்தது. நிதியத்தின் தாச்சிக்கு என்ன கூலி? பையனிடம் கேட்டேன். வெளியே ஒன்றும் எடுப்பதில்லை அண்ணா, உள்நுழைவுக் கட்டணம் பூச்சியம் என்றான். உண்மைதான். ஆனால் உள்ளே முகாமைக் கட்டணம் இருக்கிறது, பொறுப்பாளர் வங்கிக்கு ஒரு கட்டணம், பாதுகாப்பாளருக்கு ஒன்று, எல்லாம் ஒரு யூனிட்டின் விலையை, அதாவது அலகு விலையைப் போடுவதற்கு முன்னாலேயே கழிந்துவிடுகிறது, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. பங்கு நிதியத்தில் வருடத்துக்கு இரண்டு சதவீதம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இலட்சம் ரூபா வருடம் 12 வளர்ந்தால் 20 வருடத்தில் 965,000 ஆகும். இரண்டு போய் 10 என்றால் 673,000. இடையில் போனது கிட்டத்தட்ட மூன்று இலட்சம், போட்ட காசைப்போல மூன்று மடங்கு. கட்டணமே வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை, வேலை செய்கிறவருக்குச் சம்பளம் வேண்டும். எவ்வளவு என்று தமிழில் சொல்லுங்கள் என்கிறேன். பணச்சந்தை நிதியத்தில் இது இன்னும் சுவாரசியம். உண்டியல் முப்பது கொடுத்தபோது ஒரு சதவீதக் கட்டணம் கண்ணுக்குத் தெரியாத தூசு. உண்டியல் எட்டைச் சுற்றி நிற்கும்போது அதே ஒரு சதவீதம் வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு. கட்டணம் மாறவில்லை, ஆனால் கூலி மூன்று நான்கு மடங்கு கூடின மாதிரி. இதைக் கவனித்து யாராவது குறைத்திருந்தால் அந்தக் கம்பனிக்கு என் மரியாதை.

வரி விஷயத்திலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. வைப்பு என்றால் பத்து சதவீதம் வெட்டுவார்கள் அன்ரி, இதில் வெட்டமாட்டார்கள் என்று பையன் சொன்னான். சித்தி அதை வரி இல்லை என்று கேட்டுக்கொண்டா. வெட்டாமல் கொடுப்பதும் வரி இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. சித்தியின் வருமானம் வருடம் பதினெட்டு இலட்சத்துக்குள் இருப்பதால் அவ தப்பிவிட்டா, வைப்பிலும் வருமானம் அதற்குள்தான் என்று சுய வெளிப்படுத்தல் கொடுத்தால் வெட்டாமல் விடுவார்கள். எல்லோருக்கும் அப்படி இல்லை.

இனி மொழி. ஆணைக்குழுவில் யாராவது ஒருவர் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார் என்று தெரியும், தமிழர் வந்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள் என்று. அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி என்கிறது, அதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தனியார் கம்பனியை அது நேரடியாகக் கட்டாது என்று ஒரு வழக்கறிஞர் சொல்லக்கூடும். சரி, கட்டாது என்றே வைப்போம். ஆனால் பிஸ்கட் பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள், தமிழில் இருக்கும். குளிர்பானப் போத்தலில் 2016 இலிருந்து ஒரு வட்டம் இருக்கிறது, நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, இரண்டுக்குக் கீழே என்றால் பச்சை, நடுவில் மஞ்சள். என் ஏழு வயது மகள் கடையில் போத்தலைத் தூக்கி "அப்பா, சிவப்பு" என்று சொல்லிவிட்டு அதையேதான் கேட்பாள், அது வேறு விஷயம். தெரிந்துகொண்டு கேட்கிறாள். ஐம்பது அறுபது ரூபாச் சீனிக்கு இந்த நாடு இவ்வளவு கரிசனை எடுத்தது, 26 வருடச் சேமிப்புக்கு நாற்பது பக்க ஆங்கிலம். இதில் சிங்களம் மட்டும் தெரிந்தவரின் நிலையும் என் சித்தியின் நிலையும் ஒன்றுதான், ஆகவே இது இனப் பிரச்சினை என்றுகூட யாரும் தட்டிக்கழிக்க முடியாது. மாத்தறையில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியையும் விளங்கிக்கொண்டேன் என்று ஆங்கிலத்துக்குக் கீழேதான் கையெழுத்துப் போடுகிறார்.

எங்கள் வீட்டில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி ஓடாத நேரம் குறைவு. மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை என்று மூச்சு விடாமல் ஒரு குரல் ஓடிப்போவதைச் சித்தி சொல்லிக்காட்டுவா, நாடகத்துக்கு நடுவில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒவ்வொரு நிதியத்துக்கும் அபாய அளவுமானி என்று ஆறு படி உள்ள ஒரு முள் படம் போட வேண்டும், முகவர் இல்லாமல் வாங்கினால் கட்டணம் குறைகிற நேரடித் திட்டம் 2013 இலிருந்து கட்டாயம். இங்கே யூனிட் டிரஸ்ட் தொடங்கியது 1991 இல். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு முள்ளாவது வரலாம்.

நான் கேட்பது ஒரு பக்கம். ஒன்றே ஒன்று, அதுவும் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு நேர் மேலே. மூன்று மொழிகளில் எதை ஒருவர் கேட்கிறாரோ அந்த மொழியில். உள்ளே என்ன கிடக்கிறது என்று முதல் பத்துப் பொருட்கள், எத்தனை சதவீதம் என்று. தாச்சி யார், பொறுப்பாளர் வங்கி எது, எல்லாக் கூலியும் சேர்த்து ஒரு இலட்சத்துக்கு வருடம் எத்தனை ரூபா, சதவீதமாக இல்லாமல் ரூபாவாக. போன வருடத்தை மட்டும் போடாமல் ஐந்து வருடமும் வருடம் வருடமாக, அதில் 2022 கட்டாயம் இருக்க வேண்டும், பக்கத்தில் அந்தந்த வருடத்துப் பணவீக்கமும் 364 நாள் உண்டியல் வீதமும். எத்தனை வருடத்துக்குத் தேவைப்படாத காசை இதில் போடலாம் என்று ஒரு வரி. சீனி வட்டம் மாதிரி ஒரு நிறம். மகளுக்கு விளங்குகிற மாதிரி இருந்தால் எல்லோருக்கும் விளங்கும். 2021 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் முதலீட்டாளரைப் பாதுகாப்பதை உங்கள் நோக்கங்களில் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறது, ஆகவே இதற்கு அதிகாரம் இல்லை என்று சொல்லமாட்டீர்கள் என நம்புகிறேன்.

ஏன் இப்போது அவசரம் என்றும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் மத்திய வங்கி ஒற்றைக் கொள்கை வீதத்தை எட்டாக வைத்தது, 2025 மேயில் அதையும் 7.75 ஆக்கியது. வைப்பில் இருந்த காசு வேறு இடம் தேடுகிறது, இது பொருளாதாரத்துக்கு நல்லது என்றுகூடச் சொல்வேன், கடைக்குக் கடன் வட்டி குறைந்தது எங்களுக்கும் நிம்மதி. ஆனால் தேடிப் போகிறவர்களில் பாதிப் பேர் சித்தி மாதிரி, ஓய்வுக் காசோடு, எட்டு போதாது என்ற மனக்குறையோடு போகிறவர்கள். 2009, 2010 இலும் இப்படித்தான் ஏறியது, போர் முடிந்த உற்சாகத்தில். அதன் பிறகு விலை விழுந்தபோது, எட்டு ஒன்பது மாத இடைவெளியில் உங்கள் ஆணைக்குழுவின் தலைவர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்து விலகிப் போனார்கள். அந்த அலையில் வந்த சின்ன ஆட்கள் பத்து வருடத்துக்குத் திரும்பி வரவில்லை. எங்கள் கடை முதலாளி அதில் ஒருவர், இன்றைக்கும் பங்கு என்ற சொல்லைக் கேட்டால் செட்டியார் தெருப் பக்கம் கையைக் காட்டுவார். பவுன் வாங்கி வை என்பார். தங்கம் போன போக்கைப் பார்த்தால் அவரோடு வாதாடவும் முடியவில்லை.

கம்பனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. அந்தப் பையனை மாதிரிப் பிள்ளைகளை வைத்திருக்கிறீர்கள், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள். அவனுக்கு எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று இலக்கு வைக்கிறீர்கள், அதனால் அவன் சித்தியின் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள நேரம் இல்லாமல் இருக்கிறான். அவனை ஒரு நாள் உட்காரவைத்து அந்த நாற்பது பக்கத்தை ஒரு பக்கமாகத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஆணைக்குழு உத்தரவு போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் செய்கிற கம்பனிக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விளம்பரமே தேவைப்படாது.

சித்தி அன்றைக்குப் போட்டது இரண்டு இலட்சம். மாதம் ஒருமுறை அலகு விலை குறுஞ்செய்தியாக ஆங்கிலத்தில் வருகிறது, தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவா, நான் வாசித்துச் சொல்வேன். ஏறியிருந்தால் ஒன்றும் சொல்லமாட்டா, இறங்கியிருந்தால் "உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு தெரிஞ்சா இறங்கினதுக்குக் காரணமாவது விளங்கும்" என்பா. மிச்சக் காசு வைப்பில் இருக்கிறது. அது முதிர்வதற்கு இன்னும் நான்கு மாதம். மேலதிக முதலீட்டுக்கான படிவம் ஒன்றைப் பையன் அன்றைக்கே கையில் தந்து அனுப்பினான், அது சாமியறை மேசையின் லாச்சிக்குள், திருநீற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் மடித்துக் கிடக்கிறது. கடைசிப் பக்கத்தில் அதே உறுதிமொழி. அதைத் தமிழில் கொண்டு வா, போடுறன் என்கிறா.

நான்கு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு சிறு முதலீட்டாளன்